கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவதேன்?

குறும்படப் போட்டி என்று ஓர் அறிவிப்பு வந்துவிட்டால் போதும், காதல் கதைக்கும் பேய்க் கதைக்கும் பஞ்சமே இருக்காது. ஆனால் அறிவியல் புனைகதை என்றால் இளையோர் பலர் தயங்கி நின்று விடுகிறார்கள். அதிலும் நாளைய உலகம் சீரழிந்து, மனிதன் மனிதனாக வாழ முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டதாகக் காட்டும் கதை என்றால் தயக்கம் இரு மடங்காகிறது. “அதற்கெல்லாம் மில்லியன் கணக்கில் பணம் வேண்டும், ஹாலிவுட் வசதி வேண்டும்” என்பது ஒரு சாரார் கருத்து. “முதலில் கற்பனை வேண்டுமே, அதற்கு எங்கே போவது?” என்பது இன்னொரு சாரார் கேள்வி.

பணத்தைப் பற்றிய கவலையைச் சற்று ஒதுக்கி வைப்போம். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. கற்பனை எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து இறங்கி வரும் வரமா அது? இந்தக் கேள்விக்குப் பாடநூல்களைவிட வரலாறு தெளிவான பதிலைத் தருகிறது.

மூன்று குறும்படங்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்று 1962-ல் பாரிஸில் உருவானது, 28 நிமிடம். மற்றொன்று 1967-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மாணவர் எடுத்தது, 15 நிமிடம். மூன்றாவது 2005-ல் ஜொகானஸ்பர்க்கைக் களமாகக் கொண்டு வந்தது, ஏறத்தாழ 6 நிமிடம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் மூன்றுமே பின்னர் பெரிய திரைப்படங்களுக்கு வித்தாக அமைந்தன. இவற்றை எடுத்தவர்கள் கதையைத் தேடிச் சென்ற இடங்களைப் பார்த்தால், கையில் வெண்ணெயை வைத்துக் கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் யார் என்பது விளங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையம்

முதல் படத்தின் பெயர் ‘லா ஜெத்தே’. எடுத்தவர் கிறிஸ் மார்க்கர் என்ற பிரெஞ்சுக்காரர். 1921-ல் பிறந்து, 2012-ல் தமது 91-வது பிறந்த நாளன்றே காலமானவர். அடிப்படையில் அவர் ஓர் ஆவணப்பட இயக்குநர்.

1962 மே மாதம் பாரிஸ் மக்களிடம் கேமராவோடு சென்று, அவர்களின் வாழ்க்கை, மகிழ்ச்சி, அரசியல் ஆகியவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும் ‘லெ ஜோலி மே’ என்ற ஆவணப்படத்தில் அவர் ஈடுபட்டிருந்தார். அல்ஜீரியப் போரை முடிவுக்குக் கொண்டு வந்த ஏவியான் உடன்பாடு கையெழுத்தாகி இரண்டே மாதங்கள்தான் ஆகியிருந்தன. படப்பிடிப்புக் குழுவுக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாளில், தமக்கே முழுதாகப் புரியாத ஒரு கதையைப் புகைப்படங்களாக எடுக்கத் தொடங்கியதாகவும், படத்தொகுப்பின்போதுதான் துண்டுகள் தாமாக ஒன்று சேர்ந்ததாகவும் மார்க்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் எந்த ஆய்வுக்கூடத்தையும் தேடிப் போகவில்லை. பாரிஸ் நகரின் ஓர்லி விமான நிலையத்துக்குத்தான் போனார். 1961-ல் அதிபர் டி கோல் திறந்து வைத்த ஓர்லியின் புதிய கட்டடம் அந்நாளில் பாரிஸ் மக்களுக்கு ஒரு சுற்றுலாத் தலம் போலவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு, மேல்தளத்தில் நின்று விமானம் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்ப்பார்கள். படத்தின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. பெற்றோரோடு விமானம் பார்க்க வந்த ஒரு சிறுவன் அங்கே ஒரு பெண்ணின் முகத்தைக் காண்கிறான். அதே கணத்தில் ஓர் ஆடவர் விழுந்து இறப்பதையும் காண்கிறான்.

அதன் பிறகு மூன்றாம் உலகப் போர் மூண்டு பாரிஸ் அழிகிறது. தப்பியவர்கள் நிலத்தடியில் வாழ்கிறார்கள். போரில் வென்றவர்கள் கைதிகளின் உடல் மீது பரிசோதனை நடத்துகிறார்கள். உணவும் மருந்தும் எரிசக்தியும் தேடிக் காலத்தின் வழியே ஒரு மனிதனை அனுப்ப வேண்டும் என்பது அவர்களின் திட்டம். அந்தச் சிறுவன் வளர்ந்து கைதியாக இருக்கிறான். இளமையில் கண்ட முகத்தை மறக்காதவன் என்பதால் அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியில் அவன் அதே விமான நிலையத் தளத்துக்குத் திரும்பி அந்தப் பெண்ணை நோக்கி ஓடும்போது சுட்டு வீழ்த்தப்படுகிறான். சிறுவனாக இருந்தபோது தான் கண்டது தன் மரணத்தையே என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

எடுத்த விதம் இன்னும் வியப்பானது. படம் முழுவதும் அசையாத புகைப்படங்கள். பென்டாக்ஸ் கேமராவில் எடுத்த படங்களை வரிசைப்படுத்தி, ஒரு குரல் கதை சொல்ல, இசை சேர்த்து முடித்தார் மார்க்கர். அசையும் படம் எடுக்கும் கேமரா இரவலாகச் சிறிது நேரமே கிடைத்தது. அதை வைத்து ஒரே ஒரு காட்சியை எடுத்தார். உறங்கிக் கிடக்கும் அந்தப் பெண் கண் திறந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். சில வினாடிகளே ஓடும் அக்காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

அச்சத்தின் ஊற்றுக்கண்

கதையில் வரும் நிலத்தடிச் சிறை எங்கிருந்து வந்தது? மார்க்கர் 1956-ல் வெளியான ‘இரவும் மூடுபனியும்’ என்ற ஆவணப்படத்தில் இயக்குநர் அலென் ரெனேயின் உதவியாளராகப் பணியாற்றியவர். நாஜிகளின் வதைமுகாம்களைப் பற்றி 32 நிமிடம் பேசும் படம் அது. முகாம்களில் மருத்துவர்கள் கைதிகள் மீது நடத்திய கொடிய சோதனைகள் அதில் இடம்பெறுகின்றன. ‘லா ஜெத்தே’ படத்தில் பரிசோதனை நடத்துகிறவர்கள் மெல்லிய குரலில் ஜெர்மன் மொழியில் பேசிக் கொள்வதைக் கேட்கும்போது, அந்தக் காட்சி எந்த நினைவிலிருந்து எழுந்தது என்பதை எவரும் சொல்லத் தேவையில்லை.

அணுகுண்டு அச்சமும் அப்படித்தான். 1960 பிப்ரவரி 13-ல் பிரான்ஸ் தனது முதல் அணுகுண்டை சஹாரா பாலைவனத்தில் வெடித்துச் சோதித்தது. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி உலகையே அணு ஆயுதப் போரின் விளிம்பில் நிறுத்தியது. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை அன்றைய மக்களுக்கு வெறும் கற்பனையாக இல்லை, செய்தித்தாளின் முதல் பக்கமாக இருந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. படத்தில் மக்கள் ஒளிந்து வாழ்வதாகக் காட்டப்படும் இடம், ஈஃபெல் கோபுரத்துக்கு எதிரே உள்ள ஷாயோ மாளிகையின் நிலத்தடி. அதே மாளிகையில்தான் 1948 டிசம்பர் 10-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. எந்த மனிதனையும் சித்திரவதை செய்யக் கூடாது என்று உலகம் உறுதி எடுத்துக் கொண்ட கூரைக்குக் கீழே, அவ்வுறுதி காற்றில் பறந்து போன ஒரு நாளைக் காட்டுகிறது படம். மார்க்கர் அதை எண்ணித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தாரோ இல்லையோ, பார்ப்பவர் மனத்தில் இந்த முரண் தைக்காமல் போகாது.

பிறர் படைப்பிலிருந்து பெற்றதையும் மார்க்கர் மறைக்கவில்லை. 1958-ல் வெளியான ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அவருக்கு மிகவும் பிடித்த படம். அதில் வெட்டப்பட்ட பெரிய மரத்தின் வளையங்களைக் காட்டி நாயகி தன் பிறப்பையும் இறப்பையும் சுட்டும் காட்சி ஒன்று உண்டு. ‘லா ஜெத்தே’யிலும் நாயகன் அதே போன்றதொரு மரத்தின் முன் நிற்கிறான். ஆனால் அவன் விரல் மரத்துக்கு வெளியே, வெற்றிடத்தைச் சுட்டுகிறது. தான் வந்தது அங்கிருந்து என்கிறான். பிறர் விதைத்ததை எடுத்துத் தன் வயலில் தன் பயிராக வளர்ப்பது என்பது இதுதான்.

1963-ல் இப்படத்துக்கு ழான் விகோ விருது கிடைத்தது. 1995-ல் டெர்ரி கில்லியம் இயக்கத்தில் புரூஸ் வில்லிஸ் நடித்த ‘12 மங்கீஸ்’ இந்த 28 நிமிடக் குறும்படத்தின் தூண்டுதலால் உருவானது. அதை அப்படமே வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறது.

குப்பைத் தொட்டியில் கிடைத்த எண்

இரண்டாவது கதைக்குச் செல்லுமுன் கனடாவில் சற்று நிற்க வேண்டும். மாண்ட்ரியல் நகரில், கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் ஆர்தர் லிப்செட் என்ற இளைஞர் பணியாற்றினார். மற்றவர்கள் வேண்டாம் என்று வெட்டி எறிந்த படச்சுருள்களையும் ஒலித்துண்டுகளையும் பொறுக்கி எடுத்து, ஒட்டிப் படமாக்குவது அவருடைய பழக்கம். அப்படி உருவான ‘வெரி நைஸ், வெரி நைஸ்’ என்ற குறும்படம் ஆஸ்கார் விருதுக்கே முன்மொழியப்பட்டது. குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி நிறம் மாறாது என்பார்களே, அது போலத்தான்.

1963-ல் லிப்செட் ‘21-87’ என்ற படத்தை வெளியிட்டார். பத்து நிமிடத்துக்கும் குறைவு. தெருவில் நடக்கும் மக்கள், இயந்திரங்கள், சலிப்புத் தட்டிய முகங்கள் மாறி மாறி வரும். பின்னணியில் யார் யாரோ பேசும் துண்டுப் பேச்சுகள். இயந்திர யுகத்தில் ஒருவனை அவனது எண்ணைச் சொல்லி அழைத்தால் அவன் மகிழ்ந்து சிரிக்கிறான் என்ற கருத்தில் ஒரு பேச்சு அதில் வருகிறது. படத்தின் தலைப்பே அந்த எண்தான்.

இப்படத்தை லாஸ் ஏஞ்சலஸில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவர் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தார். அவர் பெயர் ஜார்ஜ் லூக்காஸ். 1967-ல் அவர் எடுத்த 15 நிமிட மாணவர் படத்தின் தலைப்பிலும் நாயகனின் பெயர் ஓர் எண்ணாகவே இருந்தது: ‘டி.எச்.எக்ஸ். 1138 4இபி’. எல்லா இடத்திலும் கேமரா கண்காணிக்கும் ஒரு நிலத்தடி நகரத்திலிருந்து ஒரு மனிதன் தப்பி ஓடுகிறான். திரைகளின் முன் அமர்ந்திருப்பவர்கள் உணர்ச்சியே இல்லாமல் அவனைத் துரத்துகிறார்கள். அவ்வளவுதான் கதை. கதையின் கருவும் லூக்காஸுக்குச் சொந்தமானது அல்ல. மேத்யூ ராபின்ஸ், வால்டர் மர்ச் என்ற சக மாணவர்கள் எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பிலிருந்து கிடைத்தது.

எதிர்கால நகரத்துக்கு அவர் எங்கே போனார்? அரங்கம் அமைக்கக் காசில்லை. ஆகவே விமான நிலையம், வாகன நிறுத்துமிடம், கணினிக் கூடம் என்று அன்றாடம் கண்ணில் படும் இடங்களிலேயே படம் பிடித்தார். அப்போது அவர் அமெரிக்கக் கடற்படை வீரர்களுக்கான திரைப்பட வகுப்பு ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தார். கடற்படை மாணவர்களுக்கு வண்ணப் படச்சுருள் தாராளமாகக் கிடைத்தது. அவர்களையே குழுவாகச் சேர்த்துக் கொண்டு படத்தை முடித்தார். நீண்ட வெள்ளைக் காரிடாரில் ஒருவன் தனியே ஓடுவதை, வானொலிப் பேச்சு போன்ற கரகரத்த ஒலிகளோடு காட்டியபோது, பழகிய கட்டடமே பயங்கரமாக மாறிவிட்டது.

1968-ல் அமெரிக்காவின் தேசிய மாணவர் திரைப்பட விழாவில் இப்படம் பரிசு வென்றது. 1971-ல் முழுநீளப் படமாகவும் வந்தது. அதிலும் எதிர்கால நகரமாக நடித்தவை, சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கட்டி முடிக்கப்படாமல் இருந்த ரயில் சுரங்கங்களே! லிப்செட்டின் கடனை லூக்காஸ் மறக்கவில்லை. 1977-ல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் இளவரசி லேயா அடைக்கப்பட்டிருக்கும் சிறை அறையின் எண் 2187. ஆனால் லிப்செட்டின் வாழ்க்கை சோகத்தில் முடிந்தது. மனநோயால் பல ஆண்டுகள் துன்பப்பட்ட அவர், 1986-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 49. ஒருவர் ஏற்றி வைத்த விளக்கில் இன்னொருவர் தீபம் ஏற்றும்போது, முதல் விளக்கைச் சொல்லிவிட்டு ஏற்றுவதுதான் முறை.

நடிக்காத பதில்கள்

மூன்றாவது கதைதான் மனத்தை அதிகம் உறுத்துவது. நீல் ப்ளோம்காம்ப் 1979-ல் ஜொகானஸ்பர்க்கில் பிறந்தவர். பதினெட்டு வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 2005-ல் அவர் எடுத்த ‘அலைவ் இன் ஜோபர்க்’ குறும்படம், வேற்றுக்கிரகவாசிகள் ஜொகானஸ்பர்க்கில் அகதிகளாக வந்து இறங்கிச் சேரிகளில் வாழ்வதாகக் காட்டுகிறது. தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பு போல அமைந்த படம் அது. பொதுமக்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். “இவர்கள் இங்கிருந்து போக வேண்டும்” என்ற தொனியில் வெறுப்போடும் அச்சத்தோடும் பேசுகிறார்கள். எவ்வளவு இயல்பான நடிப்பு என்று பார்ப்பவர் வியப்பார்.

உண்மை என்னவென்றால், அவர்களில் பலர் நடிக்கவே இல்லை. ஜிம்பாப்வே போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவர்களிடம் ப்ளோம்காம்ப் கேட்டார். அவர்கள் மனத்தில் பட்டதைச் சொன்னார்கள். அந்தப் பதில்களையே வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பதில்களாகப் படத்தில் வைத்தார். ஒரு சொல்லையும் மாற்றத் தேவைப்படவில்லை. அறிவியல் புனைகதை அங்கே உண்மைக்கு ஒரு முகமூடி மட்டுமே.

இதற்குப் பின்னால் ஒரு பழைய வரலாறும் உண்டு. நிறவெறி அரசு 1966 பிப்ரவரியில் கேப் டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை வெள்ளையருக்கு மட்டுமே உரியதென்று அறிவித்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் 60,000-க்கும் அதிகமானோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த அதே சட்டத்தால், ஜொகானஸ்பர்க்கின் பேஜ்வியூ பகுதியில் வேரூன்றியிருந்த இந்தியர்களும் நகரிலிருந்து வெகு தூரத்தில் இருந்த லெனேசியாவுக்குத் தள்ளப்பட்டார்கள். இக்குறும்படம் 2009-ல் முழுநீளப் படமாக வளர்ந்தபோது அதற்கு ‘டிஸ்ட்ரிக்ட் 9’ என்று பெயர் வைத்ததன் பொருள் தென்னாப்பிரிக்க மக்களுக்கு விளக்கம் தேவைப்படாதது.

ஹாலிவுட் கணக்கில் சிறிய தொகையான சுமார் 30 மில்லியன் டாலரில் எடுத்த அப்படம், சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் பிரிவுகளுக்கு முன்மொழியப்பட்டது. ஆனால் அது திரைக்கு வருமுன்பே, குறும்படத்தில் பேசிய வெறுப்பு தெருவுக்கு வந்துவிட்டது. 2008 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கேமராவின் முன் சாதாரணமாகச் சொல்லப்பட்ட பதில்கள் எதில் போய் முடியக் கூடியவை என்பதை நாடு கண்டது.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெறுப்பைக் கண்டிக்க வந்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’, நைஜீரியர்களைக் கொள்ளைக் கூட்டத்தினராகவும் நரமாமிசம் தின்பவர்களாகவும் காட்டியது. 2009 செப்டம்பரில் நைஜீரிய அரசு கடும் எதிர்ப்புத் தெரிவித்து, அப்படத்தைத் திரையிட வேண்டாம் என்று திரையரங்குகளைக் கேட்டுக் கொண்டது. ஓர் இனத்தின் மீதான பழியைத் துடைக்கும் துணியிலேயே இன்னோர் இனத்தின் மீது கறை பூசிவிட்டால், படத்தின் நோக்கமே பாழாகிவிடும். உண்மை மனிதர்களின் துயரத்திலிருந்து கதை எடுப்பவர்களுக்கு இது ஒரு பெரிய எச்சரிக்கை.

இளையோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே வழி தெரிகிறது. இவர்களில் யாரும் எதிர்காலத்தை எட்டிப் பார்த்துக் கதை எழுதவில்லை. மார்க்கர் தம் தலைமுறை கண்ட போரையும் முகாமையும் திரும்பிப் பார்த்தார். லூக்காஸ் தம்மைச் சுற்றியிருந்த கான்கிரீட்டையும் கணினியையும் பார்த்தார். ப்ளோம்காம்ப் தம் ஊர் மக்களின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டார். இன்று கண்ணெதிரே இருப்பதை எடுத்து, “இது இப்படியே போனால்?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். இருண்ட எதிர்காலக் கதை என்பது அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

ஆகவே, கதை எழுத உட்காரும் இளையோர் முதலில் தங்களைக் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. என் ஊர் மக்கள் இன்று எதைக் கண்டு அஞ்சுகிறார்கள்? அந்த அச்சம் எந்த இடத்தில், எந்தக் கட்டடத்தில், எந்தப் பேச்சில் வெளிப்படுகிறது? அதை நான் படமாக்கினால் யாருக்குக் குரல் கிடைக்கும், யாருக்குக் காயம் உண்டாகும்? முதல் கேள்வி கதையைத் தரும். இரண்டாவது கேள்வி காட்சியைத் தரும். மூன்றாவது கேள்வி படைப்பாளிக்கு மனசாட்சியைத் தரும்.

இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ள கைத்தொலைபேசி, மார்க்கருக்கு இரவலாகக் கிடைத்த கேமராவைவிட நீண்ட நேரம் ஓடும். மின்தூக்கி பழுதான அடுக்குமாடியின் படிக்கட்டு, இடிக்கப்படக் காத்திருக்கும் பழைய வரிசை வீடுகள், ஆளில்லாத பேரங்காடியின் நிலத்தடி வாகன நிறுத்துமிடம் எல்லாம் ஒரு நல்ல கேள்விக்காகக் காத்திருக்கும் அரங்கங்கள். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம், அவர்கள் காலத்தில் எதற்குப் பயந்தார்கள், எதை இழந்தார்கள் என்று ஒரு மாலைப் பொழுது கேட்டுப் பார்த்தால், பத்துக் குறும்படத்துக்குக் கதை கிடைக்கும்.

நாளைய உலகம் கெட்டுப் போகும் என்று சொல்வதல்ல இத்தகைய படங்களின் நோக்கம். கெட்டுப் போகாமல் இருக்க இன்றே எதைத் திருத்த வேண்டும் என்று காட்டுவதே நோக்கம். அந்த அக்கறை உள்ளவர்களுக்குக் கதைப் பஞ்சம் ஒருநாளும் வராது.